இருநூறு லிட்டர் குற்றம்

சித்தையன்கோட்டையில் எங்கள் பாத்திர வாடகைக் கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஒரு ஸ்டீல் கொப்பரை இருக்கிறது. இருநூறு லிட்டர் கொள்ளும். அடியில் ஒன்றரை அங்குல வால்வு, உள்ளே சல்லடை மாதிரி துளை போட்ட ஒரு தட்டு, பக்கவாட்டில் வெப்பமானி சொருக ஒரு ஓட்டை. கீழே இரும்பு முக்காலி, மூன்று வளைய பர்னர், உயர் அழுத்த ரெகுலேட்டர். பார்க்கிறவர்கள் பாயச அண்டா என்றே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை.

சொன்னால் வம்பு. ஏனென்றால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, நான்காம் பிரிவு மது காய்ச்சுவதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. காய்ச்சுவதற்காகப் பாத்திரமோ கருவியோ மூலப்பொருளோ வைத்திருப்பதும் குற்றம். ஒரே பாத்திரம். பாயசம் என்று நினைத்தால் அண்டா, பீர் என்று நினைத்தால் தடயம். நடுவில் இருப்பது ஒரு மனிதனின் எண்ணம் மட்டும்தான்.

அந்த எண்ணம் என் அக்கா மகனுடையது. இதுவரை அந்தக் கொப்பரையில் பீர் காய்ச்சவில்லை. இனியும் காய்ச்சப் போவதில்லை, அவன் கிளம்பிப் போய்விட்டான். ஆனால் அவன் ஏன் போக வேண்டியிருந்தது என்று யோசிக்க யோசிக்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த ஆத்திரத்தைக் கொஞ்சம் கணக்கு வழக்கோடு எழுதிவைக்கலாம் என்று பார்க்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கிறவன் இல்லை. குடியால் என் குடும்பம் பட்ட பாட்டை இந்தக் கட்டுரையிலேயே சொல்லத்தான் போகிறேன்.

*

அவன் கேட்டரிங் படித்துவிட்டு பெங்களூருக்குப் போனவன். அங்கே சொந்தமாக பீர் காய்ச்சி, அந்த இடத்திலேயே ஊற்றிக் கொடுக்கும் ஓர் உணவகத்தில் வேலை கிடைத்தது. தொட்டி கழுவுகிறவனாகச் சேர்ந்து, ஆறு வருசத்தில் காய்ச்சுகிறவரின் கையாளாக ஆனான். ஊருக்கு வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய படம் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, நம்மகிட்ட அண்டா இருக்கு, அடுப்பு இருக்கு, வெல்டரும் தெரிஞ்ச ஆளு. பெங்களூர்ல முப்பது லட்சம் ஆகுறத நாம ஒரு லட்சத்துல முடிச்சிரலாம்" என்றான்.

எனக்கு அடுப்பு தெரியும். முப்பது வருசமாகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அண்டாவும் அடுப்பும் கொடுத்து வாங்குகிறேன். ஆனால் அவன் அடுப்பு வைத்த விதத்தைப் பார்த்தபிறகுதான் இத்தனை வருசம் எவ்வளவு அசட்டையாக இருந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

முதல் வேலையாகக் கொட்டகைச் சுவரின் அடியில், தரையோடு தரையாக, இரண்டு செங்கலை எடுத்தான். நான் ஜன்னல் திறந்திருக்கிறதே என்றேன். "கேஸ் காத்த விட கனம் மாமா. மேல ஜன்னல் வழியாப் போகாது. தரையில தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். கீழ வழி இருந்தாத்தான் வெளிய போகும்." சிலிண்டரைக் கொட்டகைக்கு வெளியே, நிழலில், நேராக நிறுத்தினான். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொடவே விடவில்லை. தொழிலுக்கு 19 கிலோதான், மற்றது குற்றம் என்றான். ஐந்து சிலிண்டருக்கு மேல் ஒரே இடத்தில் அடுக்கக்கூடாது, மொத்தம் நூறு கிலோவைத் தாண்டினால் வெடிபொருள் துறையில் உரிமம் வாங்க வேண்டும் என்றான். இதெல்லாம் எனக்கே முழுசாகத் தெரியாது. தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்பதற்கு ஒரு வால்வு வாங்கி மாட்டினான். காற்றில் பர்னர் அணைந்துபோய், யாரும் கவனிக்காமல் கேஸ் கசிந்து, திரும்பப் பற்றவைக்கும்போது முகம் கருகிய சமையல்காரர்களை எனக்குத் தெரியும். நாங்கள் அதற்குச் செய்த ஒரே ஏற்பாடு, பற்றவைக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வதுதான்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி வெறும் தண்ணீர் ஊற்றிச் சோதனை பார்த்தோம். 28 டிகிரியில் இருந்த இருநூறு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர ஒன்றரை மணி நேரம். முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டான். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகியிருந்தது. நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினான். எரிந்த கேஸின் வெப்பத்தில் பாதிகூடத் தண்ணீருக்குப் போகவில்லை, மிச்சம் பக்கவாட்டில் காற்றோடு போய்விட்டது. சுற்றிலும் தகரத்தை வளைத்துக் கட்டினால் மிச்சம் பிடிக்கலாம் என்றான்.

பீர் காய்ச்சுவதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. தானியத்தை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, 65 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் அதன் மாவுச்சத்து இனிப்பாகிவிடும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதித்தால்தான் கிருமி சாகும், பூவின் கசப்பு இறங்கும், பச்சைவாடை ஆவியோடு போகும். அதனால் மூடி போடக்கூடாது. நுரை கட்டி வருகிற முதல் பத்து நிமிசம் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பால் மாதிரி பொங்கிவிடும். மூன்று வளையத்தையும் முழுசாகத் திறந்தால் அடியில் இனிப்பு கருகி, மொத்தமும் தீய்ந்த நாற்றம் அடிக்கும். பிறகு சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். அங்கேதான் எங்கள் ஊர் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. இருபது டிகிரிக்கு இறக்க வேண்டியதை எங்கள் மேல்தொட்டித் தண்ணீரை வைத்து எப்படி இறக்குவது? "பெங்களூர்ல தண்ணி ஜில்லுன்னு வரும் மாமா. இங்க சித்திரையில டேங்க் தண்ணியில கை வச்சா காப்பி மாதிரி இருக்கும்." அதற்கும் ஐஸ் தொட்டி, செம்புக் குழாய்ச் சுருள் என்று ஒரு வழி வைத்திருந்தான்.

"பீர் காய்ச்சுறதுல சமையல் கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் பாத்திரம் கழுவுறது" என்று அடிக்கடி சொல்வான். பாத்திரக்கடைக்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

இத்தனையும் நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறு அளவில் மது காய்ச்சுவதை ஏன் அனுமதிக்கக்கூடாது என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது பாதுகாப்பும் சுத்தமும்தான். அந்த இரண்டையும் ஆறு வருசம் கற்றுக்கொண்டு ஒருவன் ஊருக்குத் திரும்பி வருகிறான். அவனுக்கு இந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இல்லை.

*

விசாரிக்கப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை, அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, ஃபேக்டரியா போடுங்க, அதுக்கு ரூல் இருக்கு. இந்த மாதிரி சின்னதா அடுப்பு வச்சுக் காச்சுறதுக்கு ரூலே கெடையாது. ரூல் இல்லாதத நான் எப்படிக் குடுக்கிறது?" என்றார். அவர் சொன்னது உண்மை. பீர் ஆலைகளுக்கென்று 1983-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. கோடிகளில் முதல் போடக்கூடியவர் லட்சக்கணக்கான லிட்டர் காய்ச்சலாம், டாஸ்மாக் வாங்கிக்கொள்ளும். இருநூறு லிட்டர்க்காரனுக்கு எந்த வழியும் கிடையாது.

தமிழ்நாட்டு மதுக்கொள்கையின் சாரத்தை அந்த நல்ல மனிதர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். பெரிதாகச் செய், விதி இருக்கிறது. சின்னதாகச் செய்தால் குற்றம். இதை மதுவிலக்குக் கொள்கை என்று சொல்ல முடியுமா? பாத்திரத்தின் அளவை வைத்து மனிதனை எடைபோடும் கொள்கை இது.

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தால் இது தெளிவாகும். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-க்குள் மறுபடி மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. இடையில் மலிவு விலைச் சாராயம் கொஞ்ச காலம் வந்து போனது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது.

இந்தப் பட்டியலில் முக்கியமான வருசம் எது என்று கேட்டால் பலரும் 1971 என்பார்கள், அல்லது 2003. நான் 1987 என்பேன். அந்த வருசம் மது நிற்கவில்லை. மரம் ஏறுகிறவன் கையிலிருந்த மது நின்றது, ஆலையிலிருந்து சீல் வைத்து வருகிற மது மிஞ்சியது. கள் தடை ஆன நாளில் பிராந்தி தடை ஆகவில்லை. ஏழையின் உடம்பைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் முதலில் நிறுத்த வேண்டியது எது?

கணக்கை நானே போட்டுச் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி கால் பாட்டிலில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஐந்து சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் 32 மில்லி. என் அக்கா மகன் காய்ச்ச நினைத்தது கேழ்வரகும் பார்லியும் கலந்த நாலு சதவீத பீர். முந்நூறு மில்லி டம்ளரில் 12 மில்லி. ஒரு கால் பாட்டிலுக்கு ஈடாக அவன் பீரை ஆறு டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும். அரசு விற்கும் ஒரு கால் பாட்டில் சட்டப்படி சரி. அந்த ஆறு டம்ளரில் முதல் டம்ளரே குற்றம்.

2023-24-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தத் தொகையைப் பார்த்தபிறகு 1987-ன் தர்க்கம் புரிந்துவிடும். பனை மரத்துக்கு ஹாலோகிராம் ஒட்ட முடியாது.

*

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்.

தண்ணீர் காய்ந்த அந்தக் கார்த்திகை ராத்திரி அக்கா கொட்டகைக்கு வந்தாள். கொப்பரை எதற்கு என்று அவளுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. வாசலிலேயே நின்றாள். "உங்கப்பன எரிச்ச எடத்துல இன்னும் புல்லு மொளைக்கல. அதுக்குள்ள நீ அடுப்புப் பத்த வைக்கிறியாடா?" என்றாள். என் மச்சான் நாலு வருசம் முன்னால் ஈரல் கெட்டுச் செத்தார். நாற்பத்தொன்பது வயசு. நெல் வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு கால் பாட்டில் என்று ஆரம்பித்து, காலையில் எழுந்ததும் ஒரு கால் பாட்டில் என்று முடிந்தது.

"அப்பா குடிச்சது வேறம்மா" என்றான் இவன். "எல்லாம் ஒரே எழவுதான்" என்றாள் அவள்.

மேலே நான் போட்ட 77, 32, 12 கணக்கை எல்லாம் அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு டம்ளர் குடிக்கிறவன் குடிப்பான் என்பது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் மகன் அவளிடம் சொன்ன ஒரே நியாயமான பதில் இதுதான்: "நீ வேணாம்னா காச்சல. ஆனா நீ வேணாம்னு சொன்னப்ப அந்தக் கடை நின்னுச்சாம்மா?" அக்கா பதில் பேசாமல் போய்விட்டாள்.

நின்றதா? மதுக்கடை வேண்டாம் என்று பெண்கள் மறியல் செய்யாத மாவட்டம் இந்த மாநிலத்தில் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னதும் பல கடைகள் ஊருக்குள் நகரப் பார்த்தன. 2017-ல் தெருத்தெருவாகப் பெண்கள் உட்கார்ந்தது அதனால்தான். மதுவிலக்குக் கேட்டுப் போராடிய காந்தியவாதி சசி பெருமாள், 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அதற்குப்பின் 2016-ல் ஐந்நூறு கடைகள், 2023-ல் ஐந்நூறு கடைகள் மூடினார்கள். மிச்சம் இருப்பவை நாலாயிரத்துக்கும் மேல்.

ஆகவே பூரண மதுவிலக்குக் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் நேர்மையானவர்கள். எல்லாவற்றையும் மூடு என்கிறார்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 47-ஆவது பிரிவும் அதைத்தான் அரசுக்கு வழிகாட்டியாக வைத்திருக்கிறது. என் சண்டை, பூரண மதுவிலக்கின் மொழியைப் பேசிக்கொண்டே மது விற்கிறவர்களோடு. சின்னவன் கேட்டால் 1937-ஆம் வருசச் சட்டத்தை எடுத்து வீசுகிறார்கள். பெரியவன் கேட்டால் 1983-ஆம் வருச விதியை எடுத்து நீட்டுகிறார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கள் தமிழன் உணவு, சங்க காலத்திலேயே குடித்தோம், அதனால் திற என்கிறவர்கள். இவர்கள் கேட்பதில் பாதி எனக்குச் சம்மதம். காரணம்தான் சம்மதமில்லை. சங்க காலத்தில் குடித்தார்கள் என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது. கள்ளில் போதை இல்லை என்று மேடையில் சொல்வதும் பொய்; நேரம் ஆக ஆகப் புளித்து ஏறத்தான் செய்யும். கள்ளுக்கான நியாயம் பழம்பெருமையில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. மரம் ஏறுகிறவன் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது பதநீர், சட்டப்படி சரி. தடவாமல் இறக்கினால் கள், குற்றம். காற்றில் இருக்கும் ஈஸ்ட் தன் வேலையைத் தானே செய்கிறது. மனிதன் செய்த ஒரே குற்றம், சுண்ணாம்பு தடவாமல் விட்டது.

சரி, சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கியவன் என்ன செய்வான்? கருப்பட்டி காய்ச்ச வேண்டும். பதநீரில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழு லிட்டர் வாக்கில் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். நாங்கள் கொப்பரையில் பார்த்த கணக்கை வைத்துச் சொன்னால், கேஸில் காய்ச்ச ஒரு கிலோ கருப்பட்டிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸ் ஆகும். கருப்பட்டி விற்கும் விலையில் அது எப்படிக் கட்டுப்படியாகும்? அதனால்தான் இன்றும் விறகும் புகையும், அதனால்தான் கருப்பட்டியில் சீனி கலப்பு. பனைவெல்லம் காந்தியும் போற்றிய கிராமத் தொழில்தான். ஆனால் புளிக்கவிட்டால் ஒரு தீக்குச்சிகூடத் தேவையில்லாத ஒரு பொருளை, விறகு எரித்து நஷ்டத்தில் காய்ச்சு என்று சட்டம் கட்டாயப்படுத்தினால், மரம் ஏறுகிறவன் மகன் மரம் ஏறுவானா? பனையை 1978-லேயே மாநில மரம் ஆக்கியாயிற்று. ஏறத்தான் ஆள் இல்லை.

*

"சின்னச் சின்னதாக ஆளாளுக்குக் காய்ச்ச விட்டால் கள்ளக்குறிச்சி மாதிரி ஆகிவிடும்." இந்த வாதம் வராத உரையாடலே இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சாவுகளைச் சொல்லும்போது வார்த்தையை எண்ணித்தான் பேச வேண்டும்.

அவர்களைக் கொன்றது மெத்தனால். மெத்தனால், பெயிண்டுக்கும் ரசாயனத் தொழிலுக்கும் ஆலையில் தயாராகும் பொருள். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை எடுக்கும். தானியத்தையோ பதநீரையோ ஈஸ்ட் புளிக்கவைத்து, ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் நடந்ததும் மெத்தனால்தான். அதாவது, இந்தச் சாவுகளுக்குக் காரணம் சின்ன அடுப்பு இல்லை. பெரிய ஆலையிலிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்த ரசாயனம். அது ஏன் விலைபோகிறது? கால் பாட்டில் வாங்கக் காசு இல்லாதவனுக்குச் சட்டப்படியான, மலிவான, போதை குறைந்த வேறு எதுவும் இல்லை என்பதால். அதன்பிறகு அரசு செய்தது என்ன? 2024-லேயே சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள்வரை உயர்த்தினார்கள். விஷம் விற்றவனுக்கு அந்தத் தண்டனை சரிதான். வாங்கிக் குடித்தவன் ஏன் அங்கே போனான் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

சின்ன அடுப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் கள்ளச்சாராயம் குறையுமா, கூடுமா? ஸ்காட்லாந்தில் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வரியும் விதியும் பெரிய ஆலைகளுக்குச் சாதகமாக இருந்தன. மலைப்பகுதியில் ஊர் ஊராகத் திருட்டு வடிப்பு, கடத்தல், கலால் காவலர்களோடு கைகலப்பு. 1823-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்குப் பத்து பவுண்டு கட்டு, வடித்த அளவுக்கு வரி கட்டு, 40 காலனுக்குக் குறையாத பாத்திரம் இருந்தால் உரிமம் தருகிறோம் என்று. நாற்பது காலன் என்பது நம் கணக்கில் நூற்றைம்பதிலிருந்து நூற்றெண்பது லிட்டர். எங்கள் கொப்பரையைவிடச் சின்னது! அடுத்த சில பத்தாண்டுகளில் திருட்டு வடிப்பு பெருமளவு அடங்கிவிட்டது. கடத்தல்காரன் உரிமக்காரன் ஆனான்.

கண்காணிக்க முடியாது என்பது அடுத்த வாதம். ஐந்து ஆலையைக் கண்காணிக்கலாம், ஐந்நூறு கொட்டகையை எப்படி என்கிறார்கள். இதற்குத்தான் கேஸ் அடுப்பைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொன்னேன். கேஸ் பொய் சொல்லாது. இருநூறு லிட்டரைக் கொதிக்கவைக்க மூன்று கிலோ, கொதிநிலையில் ஒரு மணி நேரம் வைக்க மேலும் இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு காய்ச்சலுக்கு ஐந்து கிலோ. 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு நாலு காய்ச்சல்கூட வராது. சிலிண்டர் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது, ஏஜென்சியில் கணக்கு இருக்கிறது. மாதம் எத்தனை சிலிண்டர் என்று பார்த்தால் மாதம் எத்தனை லிட்டர் என்று மேசையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். ஏமாற்றுகிறவன் விறகு வைத்து ஏமாற்றுவான்தான். கொட்டகைக்கு மேல் புகை தெரியாதா? மனசு இருந்தால் வழி இருக்கிறது. ஆலைக்குக் கலால் அதிகாரியை உட்காரவைத்து ஒவ்வொரு பாட்டிலையும் எண்ணத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வித்தை இல்லை.

*

பெங்களூரைப் பார்த்து அப்படியே செய் என்று நான் சொல்லவில்லை. 2010-க்குப் பிறகு அங்கே இப்படிப்பட்ட உணவகங்கள் நிறைய வந்தன. புதுச்சேரியிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு கிளாஸ் முந்நூறு, நானூறு ரூபாய். கண்ணாடிச் சுவர், மங்கலான விளக்கு, ஆங்கிலப் பாட்டு. அங்கே தொட்டி கழுவியவனே அங்கே உட்கார்ந்து குடிக்க முடியாது. தமிழ்நாட்டில் நாளைக்கே இதற்கு ஒரு விதி வந்தாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் பெரிய முதலாளிகளுக்கும்தான் வரும் என்பது என் பயம். அப்படி வந்தால் அதையும் இதே வேகத்தில் எதிர்த்து எழுதுவேன். அளவை வைத்து ஆளை எடைபோடும் புத்தி அதிலும் மாறியிருக்காது.

நான் கேட்பது வேறு. ஒரு காய்ச்சலுக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல் போகாத அடுப்புகளுக்கு ஒரு தனி உரிமம். கட்டணம், ஒரு டீக்கடைக்காரனால் கட்ட முடிகிற அளவில். ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வாலை வைத்து வடிக்கவே கூடாது. காய்ச்சிய இடத்தில் மட்டும் விற்பனை. கடன் கிடையாது, காலையில் திறக்கக்கூடாது. மாதாமாதம் மாதிரி எடுத்துப் பரிசோதனை. எங்களுக்குப் பக்கத்திலேயே, சின்னாளபட்டி ஓரத்தில், டாக்டர் சௌந்தரம் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. பரிசோதனைக்கூடத்துக்கு அப்படி ஒன்றும் பஞ்சம் இல்லை. காந்தி பெயரில் இருக்கும் இடம் பீரைச் சோதிக்காது என்றால் வேறு கூடம் பார்த்துக்கொள்ளலாம். அதே கதர்ப் பரம்பரையில் வந்து, கடைசிக் காலத்தில் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே.சி.குமரப்பா இந்தத் தொழிலை நிச்சயம் ஆதரித்திருக்க மாட்டார். ஆனால் ஊரில் நாலு பேர் செய்யக்கூடிய வேலையை ஏன் ஒரு ஆலைக்குக் கொடுக்கிறாய் என்ற கேள்வியை நான் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இதுதான் முதன்மையானது. அந்த வார்டு மக்களின், குறிப்பாகப் பெண்களின், சம்மதம் இல்லாமல் எந்த அடுப்பும் கூடாது. வருசா வருசம் கேட்க வேண்டும். என் அக்காவுக்கு ஒரு ஓட்டு வேண்டும். அதே கேள்வியை அதே வார்டில் அரசுக் கடைக்கும் கேட்க வேண்டும்.

சித்தையன்கோட்டையில் கேட்டால் என்ன ஆகும்? தோற்றுவிடும். ராவுத்தர் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பாங்கு சொல்லும் நேரத்தை வைத்துக் கடை திறந்து மூடுகிறவர்கள் நாங்கள். என் அக்காவே எதிராகத்தான் ஓட்டுப் போடுவாள். தோற்கட்டும். ஊர் கூடி வேண்டாம் என்று சொன்னால் என் அக்கா மகன் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவான், எனக்கும் வருத்தம் இருக்காது. ஊர் சொல்கிற வேண்டாமில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு கையால் நாலாயிரம் கடைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டே மறுகையால் சென்னை சொல்கிற வேண்டாமில் என்ன மரியாதை இருக்கிறது?

அவன் தை பிறந்ததும் பெங்களூருக்கே திரும்பிவிட்டான். சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்களாம். கேழ்வரகு பீர் அங்கே காய்ச்சுகிறார்கள். நம் ஊர்க் கேழ்வரகு, நம் ஊர்ப் பையன், லாபம் மட்டும் அடுத்த மாநிலத்துக்கு.

இந்த ரமலானுக்குப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச ஒரு அண்டா பத்தவில்லை என்று பாய் ஒருவர் கடைக்கு வந்தார். கொட்டகையில் இருந்த கொப்பரையைப் பார்த்துவிட்டு, ஊரில் காதில் விழுந்திருக்கும்போல, "ஏம்ப்பா, இதுல வேற ஏதும் காச்சுனீங்களா?" என்று தயங்கிக் கேட்டார். "தண்ணி மட்டுந்தான் பாய் காஞ்சிருக்கு" என்றேன். எடுத்துக்கொண்டு போனார். முதல் நாள் மூன்று வளையத்தையும் முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள், கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. போன் போட்டு இவனைக் கேட்டேன். "வெளி வளையம் மட்டும் போதும்னு சொல்லுங்க மாமா, அடி கருகாது" என்றான். மறுநாளிலிருந்து சரியாக வந்தது. முப்பது நாளும் அந்தக் கொப்பரையில்தான் கஞ்சி.